ஜப்பானியரின் விளையாட்டுத் திருநாள்

ஒரு நாட்டு மக்களின் உள்ளக் கிடக்கையை அறிய விரும்புவோர், அந்நாட்டார் எந்தெந்த நாட்களில் தம் அலுவல்களை நிறுத்தி ஓய்ந்திருக்கின்றனர் என்பதை ஆராய்தல் நலம். தெய்வத்தின் பொருட்டும், மன்னரின் பொருட்டும், போரிற் பெற்ற வெற்றியின் பொருட்டும், விடுதலையின் பொருட்டும் விடுமுறை கொண்டாடுதல் எங்கும் உள்ள வழக்கமே. ஆயின், ஓடுதல், தாண்டுதல், பந்தெறிதல் முதலியவற்றின் பொருட்டுப் பள்ளிகளையும் பாங்குகளையும் அரசாங்க அலுவலகங்களையும் ஒரு நாள் முழுதும் அடைத்து வைக்கும் நாடு மிக அரிது. ஜப்பான் அத்தகையதொரு நாடு. அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ள 16 பொது விடுமுறை நாட்களுள், அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையில் வரும் விளையாட்டு நாளும் ஒன்றாகும்.

இதனைப் பற்றி யாம் எழுதப் புகுந்தது அதன் புதுமை கருதி மட்டுமன்று. ஆண்டுதோறும் நம் கலாசாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இட்டு, கொடி கட்டி, பரிசுக் கிண்ணங்களை மேசைமேல் அடுக்கி விழாக் கொண்டாடுகின்ற நாம், அவ்விழாவிற்கு ஒரு வரலாறு உண்டு என்பதை நினைப்பதில்லை. ஜப்பானியரின் இந்நாளுக்குப் பின்னேயோ மாணாக்கராயினார் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய வரலாறு ஒன்று உள்ளது. இளைஞன் ஒருவனுடைய உடல் யாருக்கு உரியது என்பதே அவ்வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கும் வினா.

முதலில் இந்நாளின் பிறப்பைக் கூறுவோம். 1948-ம் ஆண்டில் இயற்றப்பெற்ற பொது விடுமுறைச் சட்டத்தை 1966-ம் ஆண்டில் திருத்தியபொழுது, முதியோரை மதிக்கும் நாள், நாட்டின் தொடக்க நாள் என்னும் இரண்டோடு இதனையும் சேர்த்தனர். நாட்டின் தொடக்க நாளைப் பற்றிக் கடுஞ் சர்ச்சை மூண்டது; பழைய பேரரசுக் காலத்து விழாவொன்று வேறு பெயர் பூண்டு மீண்டு வருகின்றதே யென்று பலர் அஞ்சினர். விளையாட்டு நாளுக்கோ அத்தகைய பழஞ்சுமை யாதும் இல்லை. அதற்கு அப்பொழுது இட்ட பெயர் 'தாயிகு நோ ஹி' என்பது. 'தாய்' என்னும் ஒலி நமக்கு வேறு இனிய பொருள் தருவதாயினும், அவர்கள் வழக்கில் அது உடலைக் குறிக்கும், 'இகு' வளர்த்தல், 'ஹி' நாள். ஆகவே உடல் வளர்ப்பு நாள், அல்லது உடற்கல்வி நாள் எனலாம். விளையாட்டில் இன்புற்று, நலமிக்க உடலையும் உள்ளத்தையும் வளர்த்துக்கொள்ளுதலே அந்நாளின் நோக்கமென்று சட்டம் சுருங்கக் கூறிற்று. இன்புறுதல் என்னும் சொல் முன் நிற்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக. அதனிடம் பின்னர் மீண்டு வருவோம்.

தொடக்கத்தில் இதற்குரிய நாள் அக்டோபர் 10. இரண்டாண்டுகளுக்கு முன், 1964-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் நாளன்று, டோக்கியோ நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. ஆசியாக் கண்டத்தில் அப்பந்தயங்கள் நிகழ்ந்தது அதுவே முதன்முறை. கோடை வெப்பத்தையும் செப்டம்பர் மாதத்துப் புயல்களையும் தவிர்க்கவேண்டி அக்டோபர் மாதத்தைத் தெரிந்தெடுத்தனர். முந்திய நாள் மழை பெய்தது. விழாவன்றோ வானம் மாசற்று விளங்கியது. விமானங்கள் ஐந்து மேலே எழுந்து, ஒலிம்பிக் வளையங்கள் ஐந்தையும் வண்ணப் புகையால் நீல வானில் வரைந்து காட்டின. அந்நாளின் வானத்தைக் கண்டவர்கள் முதுமையிலும் அதனை மறவாது பேசினர். அக்டோபர் 10-ல் மழை பெய்வதே இல்லையென்று ஒரு நம்பிக்கையும் மக்களிடைப் பரவி நின்றது. மேகங்கள் பஞ்சாங்கம் பார்த்துப் பெய்வன அல்ல. எனினும் இத்தகைய நம்பிக்கையை எந்த நாட்டாரும் எளிதிற் கைவிடார்.

அன்று ஒலிம்பிக் தீயை ஏந்தி அரங்கின் படிகளிலேறிக் கொப்பரையில் மூட்டியவர் ஸகாய் யோஷினோரி என்னும் 19 வயது மாணவர். வாஸேதா சர்வகலாசாலையிற் பயின்றவர். அவர் பிறந்தது 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள். பிறந்த இடம் ஹிரோஷிமா மாகாணம். அந்நகரின்மேல் அணுகுண்டு வீழ்ந்த அதே நாளிற் பிறந்த குழந்தை வளர்ந்து, ஓடி, உலகத்தார் முன்னிலையில் தீயேற்றி நின்றது. பந்தயங்கள் தொடங்கிவிட்டன என்று அறிவித்தவர் ஹிரோஹிதோ சக்கரவர்த்தி. போர் நிகழ்ந்த காலத்தும் அவரே அரியணையில் வீற்றிருந்தார்.

இனி, அவ்விழா நிகழ்ந்த நிலத்தைச் சிறிது தோண்டிப் பார்ப்போம். டோக்கியோவில் மெய்ஜி சக்கரவர்த்தியின் நினைவாக அமைந்த கோயிலைச் சார்ந்த புறத் தோட்டத்தில், 1924-ம் ஆண்டில் ஒரு பெரிய விளையாட்டரங்கு கட்டப்பெற்றது. அவ்வாண்டிலேயே மெய்ஜி கோயிற் பந்தயங்கள் என்னும் நாடளாவிய போட்டிகளும் அங்குத் தொடங்கின. 1940-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தும் உரிமை 1936-ல் டோக்கியோவுக்குக் கிடைத்தது. அதன் பொருட்டு ஓயாது உழைத்தவர் ஜூடோ வித்தையின் தந்தையாகிய கானோ ஜிகோரோ. ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவரே. 1938-ம் ஆண்டு கெய்ரோ நகரில் நிகழ்ந்த கூட்டத்தில் தம் நாட்டிற்காக வாதாடிவிட்டுக் கப்பலில் திரும்பும்பொழுது, நடுக்கடலில் அவர் உயிர் நீத்தார். அவர் இறந்த சில திங்களில், சீனத்தோடு மூண்ட போரின் காரணமாக, ஜப்பானிய அரசாங்கம் பந்தயங்களை நடத்தும் உரிமையைத் தானே துறந்துவிட்டது. அவர் அதனைக் காணாது போனது ஒருவகையில் நன்றே.

பந்தயங்கள் வரவில்லை, வேறொன்று வந்தது. 1943-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கலாசாலை மாணாக்கருக்குப் படைச் சேவையினின்று அளிக்கப்பெற்றிருந்த தள்ளுபடியை அரசாங்கம் நீக்கியது. விஞ்ஞானம், வைத்தியம், பொறியியல் கற்போர் போருக்கு வேண்டியவராதலின் படிப்பைத் தொடர விடப்பட்டனர். இலக்கியம், சட்டம், பொருளாதாரம் முதலியன கற்போரை, 20 வயது நிரம்பியவராயின், படைக்கு அழைத்தனர். அக்டோபர் 21-ம் நாள், கொட்டும் மழையில், சுமார் 25,000 மாணாக்கர் அவ்வரங்கில் அணிவகுத்துச் சென்றனர். தலையிற் கலாசாலைத் தொப்பி, காலிற் சுற்றிய பட்டித் துணி, தோளிற் துப்பாக்கி. அவரவர் கலாசாலைக் கொடி முன்னே சென்றது. பார்வையாளர் இருக்கைகளில் மாணவிகள் நிறைந்து நின்று வழியனுப்பினர். பிரதம மந்திரி தோஜோ உரை நிகழ்த்தினார். சென்றவர்களுட் பலர் திரும்பி வரவில்லை. எத்துணைப் பேர் மாண்டனர் என்பதற்கு இன்றளவும் திருத்தமான கணக்கு இல்லை.

அவ்வரங்கை இடித்துவிட்டு, அதே இடத்தில் 1958-ம் ஆண்டிற் கட்டி முடித்த தேசிய அரங்கிற்றான் 1964-ம் ஆண்டு ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. மாணவன் ஒருவன் தீயேந்தி ஓடிய அதே நிலம், 21 ஆண்டுகளுக்கு முன் மாணாக்கர் துப்பாக்கி ஏந்தி நடந்த நிலமாகும். அப்பழைய நிகழ்ச்சியைக் குறிக்கும் நினைவுக் கல் ஒன்று 1993-ம் ஆண்டில், ஐம்பதாண்டு நிறைவின்போது, அங்கு நாட்டப்பெற்றது. ஆகவே 'உடற்கல்வி நாள்' என்னும் பெயரைச் சட்டத்தில் எழுதியவர்கள் வெற்றுத் தாளில் எழுதவில்லை. அச்சொல்லுக்கு முன்னமே வேறு ஒரு வாழ்வு இருந்தது.

அவ்வாழ்வைச் சிறிது விரித்துரைப்பது ஈண்டுத் தகும். ஜப்பானில் மேனாட்டு முறையில் முதன்முதல் விளையாட்டு விழா நிகழ்ந்தது 1874-ம் ஆண்டில். டோக்கியோவிலிருந்த கடற்படைக் கல்விச்சாலையில், ஆங்கிலக் கடற்படை ஆசிரியர்கள் அதனை நடத்தினர். 1883-ம் ஆண்டில், பிரெடெரிக் ஸ்ட்ரேஞ்ஜ் என்னும் ஆங்கில உபாத்தியாயர் டோக்கியோ சர்வகலாசாலை மாணாக்கரிடையே ஓட்டப் பந்தய விழாவை ஏற்படுத்தினார். இவை விளையாட்டின் பொருட்டே நிகழ்ந்த விளையாட்டுக்கள். ஆனால் 1885-ம் ஆண்டில் முதற் கல்வி மந்திரியான மோரி அரினோரியின் நோக்கம் வேறாக இருந்தது. கீழ்ப்படிதலும் ஒற்றுமையும் உடைய குடிமக்களை ஆக்குதற்குப் படைப் பயிற்சியைப் போன்ற தேகப்பயிற்சியே சிறந்த வழியென்று அவர் கருதினார். 1886-ம் ஆண்டு முதல் அது பள்ளிகளிற் புகுந்தது. சிறுவர் வரிசையாய் நின்றனர், திரும்பினர், நடந்தனர்.

இவ்விரண்டும் கலந்து பிறந்ததே 'உந்தோகாய்' என்னும் பள்ளி விளையாட்டு விழா. 'உந்தோ' இயக்கம், 'காய்' கூட்டம். அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றிற்கு மைதானம் கிடையாது. ஆகவே அண்டையிலுள்ள பள்ளிகள் பல ஒன்றுகூடி, ஆற்றங்கரையையோ கோயில் வெளியையோ நோக்கிப் பிள்ளைகளை நெடுந்தூரம் அணிவகுத்து நடத்திச் சென்று, அங்குப் பந்தயங்களை நடத்தின. மந்திரியின் கருத்துப்படி அது படைப் பயிற்சியாயிருந்திருக்கலாம். கிராமத்தார்க்கோ அது அறுவடைக் காலத்துத் திருவிழாவாய் அமைந்தது. பாட்டிமார் பாய் சுருட்டிக்கொண்டு பின்னே சென்றனர். மேலிருந்து எதை ஏவினும், கீழே மக்கள் அதனைத் தம் மகிழ்ச்சிக்கேற்பத் திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையவர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மற்றொரு வழியிலும் விளையாட்டு ஜப்பானுட் புகுந்தது. அதனைக் கிறிஸ்தவக் கலாசாலையைச் சார்ந்த நாம் கூறாது விடல் ஆகாது. 1913-ம் ஆண்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சித் தலைவராக அங்குச் சென்ற பிராங்கிளின் பிரௌன் என்னும் அமெரிக்கர், கைப்பந்தாட்டத்தையும் கூடைப்பந்தாட்டத்தையும் ஊர் ஊராய்ப் பரப்பினார். அவ்விரு ஆட்டங்களும் அச்சங்கத்தின் பயிற்சிச் சாலைகளிற் பிறந்தவையே. அதே சங்கத்தின் பணியாளராய்ச் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் என்பார் 1920-ம் ஆண்டில் ஏற்படுத்திய உடற்பயிற்சிக் கலாசாலை நந்தனத்தில் நிலைபெற்று நிற்பதை நம்மவர் அறிவர். நம் பள்ளிகளில் விசில் ஊதிய ஆசிரியர் பலரை உருவாக்கியது அக்கலாசாலையே. ஒரு வேரினின்று கிளைத்த இரு கொடிகள் எனலாம்.

வானொலியும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. 1928-ம் ஆண்டு நவம்பர் 1-ம் நாள் முதல், காலை வேளையில் வானொலி வாயிலாகத் தேகப்பயிற்சி கற்பிக்கப்பெற்றது. இதனை முன்னின்று தொடங்கியது தபால் இலாகாவின் ஆயுள் இன்ஷியூரன்ஸ் பகுதி. அமெரிக்க இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஒன்று நடத்திய நிகழ்ச்சியைக் கண்டு அவ்வெண்ணம் பிறந்தது. மக்கள் நெடுநாள் வாழ்ந்தால் இன்ஷியூரன்ஸ்காரருக்கு இலாபம், மக்களுக்கும் நட்டமில்லை. ஆயின், போர் முற்ற முற்ற, நாடு முழுவதும் ஒரே நொடியில் ஒரே குரலுக்குக் கை தூக்கும் அக்காட்சி வேறு பொருள் கொண்டது. 1939-ம் ஆண்டில் 15 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு அரசாங்கம் ஒரு தேக வலிமைப் பரீட்சையை ஏற்படுத்தியது. ஓட்டமும் தாண்டுதலும் மட்டுமன்று, பாரம் சுமந்து ஓடுதலும் கைக்குண்டு எறிதலும் அதன் பாடங்கள். உடலை வளர்த்தல் என்னும் சொல் அந்நாளிற் போர்க்களத்திற்கு ஆள் வளர்த்தல் என்றே பொருள்பட்டது.

போர் முடிந்தபின் எல்லாவற்றையும் புதிதாய்த் தொடங்கவேண்டி யிருந்தது. 1946-ம் ஆண்டிலேயே, பசியும் சாம்பலும் நீங்காத காலத்தில், கியோத்தோவைச் சார்ந்த பகுதியில் தேசிய விளையாட்டு விழாவை நடத்தினர். வானொலிப் பயிற்சி சில ஆண்டுகள் நின்று, 1951-ம் ஆண்டிற் புதிய இசையோடு மீண்டும் எழுந்தது. 13 அசைவுகள்; மூன்று நிமிஷத்திற்குச் சற்று மிகுதி; காலை ஆறரை மணி. கோடை விடுமுறையில் சிறுவர் கழுத்தில் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூக்கம் தெளியாத கண்களோடு தெருமுனை வெளிக்கு வந்து, பயிற்சி முடிந்ததும் முத்திரை பெற்றுச் செல்லுதல் பல தலைமுறையினரின் இளமை நினைவாகும். பயிற்சியைவிட முத்திரையின்மேலேயே அவர்களுக்கு ஆசை மிகுதி என்பது எம் ஊகம்.

1964-ம் ஆண்டுப் பந்தயங்களில் ஜப்பானியர் 16 தங்கப் பதக்கங்கள் பெற்றனர். அவற்றுள் மக்கள் நெஞ்சை மிகக் கவர்ந்தது மகளிர் கைப்பந்தாட்டத்திற் பெற்ற பதக்கமாகும். வாலிபர் சங்கத்தார் கொணர்ந்த அவ்வாட்டம், அம்முறைதான் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது. ஜப்பானிய அணியினருட் பெரும்பாலோர் ஒஸாக்கா நகரை அடுத்த கைஸுகா என்னுமிடத்து நூற்பாலையைச் சேர்ந்த பெண்கள். பகலில் ஆலையில் வேலை. மாலை முதல் நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்சியாளர் தாய்மாட்ஸுவின் கடுமையைக் கண்டு அவருக்குப் பேய் என்றே பட்டப்பெயர் இட்டிருந்தனர். அவர்கள் ருஷியரை வென்ற அக்டோபர் 23-ம் நாள் மாலையில், டோக்கியோவைச் சார்ந்த பகுதியில் அளவெடுத்த வீடுகளில் நூற்றுக்கு 66.8 விழுக்காடு தொலைக்காட்சியில் அவ்வாட்டத்தையே கண்டுகொண்டிருந்தன. அதன்பின் நகரந்தோறும் குடும்பப் பெண்கள் மாலை வேளையிற் கூடிக் கைப்பந்தாடும் வழக்கம் பரவியது. பதக்கத்தினும் இதுவே பெரும்பேறு என்பது எம் கருத்து.

அதே நாளில், கானோவின் ஜூடோவில், எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் காமினாகா என்னும் ஜப்பானியரை ஹாலந்து தேசத்து ஆன்டன் ஹேஸிங்க் வென்றார். அரங்கம் வாய் அடைத்திருந்தது. மகிழ்ச்சி மிகுதியால் தம்மை நோக்கி ஓடி வந்த தம் நாட்டாரை அவர் கையமர்த்தி நிறுத்திவிட்டு, முறைப்படி வணங்கினார். ஜூடோவின் நெறியை அந்நியர் ஒருவர் இவ்வாறு காத்தது ஜப்பானியரின் தோல்வித் துயரை ஓரளவு ஆற்றியது. நம் இந்திய ஹாக்கி அணியார் பாக்கிஸ்தானை 1–0 என வென்று தங்கம் கொண்டதும் அந்த 23-ம் நாளிலேதான்.

ஆயினும், உடல் நாட்டிற்கே உரியது என்னும் பழைய எண்ணம் ஒரு நாளில் ஒழிந்துவிடவில்லை. அக்டோபர் 21-ம் நாள் நெடுந்தூர ஓட்டம் நிகழ்ந்தது. மாணாக்கர் மழையில் அணிவகுத்துச் சென்ற நாளும் அக்டோபர் 21 என்பதை வாசகர் நினைவுகூர்வர். எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா எவரும் அணுகவொண்ணாது முதலில் வந்து முடித்தார். இரண்டாமவராய் அரங்கினுள் நுழைந்தவர் ஜப்பானியத் தற்காப்புப் படையைச் சேர்ந்த த்ஸுபுராயா கோகிச்சி. தம் நாட்டார் அனைவரும் எழுந்து நின்று ஆரவாரிக்க, அவர்கள் கண்ணெதிரே, கடைசிச் சுற்றில், ஆங்கிலேயராகிய ஹீட்லி அவரைக் கடந்து சென்றார். மூன்றாம் இடம் பெறுதல் சிறுமையன்று. தடகளப் போட்டிகளில் ஜப்பானுக்கு அவ்வாண்டு கிடைத்த பதக்கம் அஃதொன்றே. ஆனால் அவர் அதனை நாட்டாருக்குத் தாம் இழைத்த பிழையாகக் கருதினார். அடுத்த ஒலிம்பிக்கில் அதனை ஈடுசெய்வதாக உறுதி பூண்டார். நோயும் காயமும் உடலைத் தளர்த்தின. 1968-ம் ஆண்டு ஜனவரியில், 27-ம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பெற்றோருக்கும் உற்றாருக்கும் எழுதி வைத்த கடிதத்தில், அவரவர் தமக்கு இட்ட உணவின் சுவையை ஒவ்வொன்றாய் நினைந்து நன்றி கூறியிருந்தார். அப்பொழுது, விளையாட்டில் இன்புறுதலை நோக்கமாகக் கொண்ட திருநாள் இரண்டு முறை கொண்டாடப்பெற்றிருந்தது.

இன்புறுதல் என்னும் சொல்லிடம் மீண்டு வருவோம் என்றோம். அச்சொல்லின் பொருளைக் காணவேண்டின் பேரரங்குகளைவிட்டு உந்தோகாய் விழாவிற்கே செல்லவேண்டும். சில பள்ளிகள் அதனை வெயிலுக்கு அஞ்சி மே, ஜூன் மாதங்களில் நடத்துகின்றன வெனினும், இலையுதிர்காலத்து நீல வானின்கீழ், இத்திருநாளை ஒட்டி நடத்துதலே நெடுநாள் வழக்கம். பிள்ளைகள் அனைவரும் சிவப்பு, வெள்ளை என இரு கட்சியாய்ப் பிரிவர். தலையில் அணியும் தொப்பி ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் வெள்ளை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செங்கொடி ஏந்திய தாய்ரா குலத்தாரும் வெண்கொடி ஏந்திய மினாமோட்டோ குலத்தாரும் பொருத போரின் நினைவு இஃதென்பர். குருதி சிந்திய அப்போர் ஏழு வயதுப் பிள்ளைகளின் தொப்பியாய் முடிந்தது மகிழ்தற்குரியதே.

ஓட்டமும் தொடர் ஓட்டமும் கயிறிழுத்தலும் நமக்குப் புதியனவல்ல. உயர்ந்த கழியின் நுனியிற் கட்டிய கூடையில் சிறு துணிப்பந்துகளை எறிந்து நிரப்பும் ஆட்டம் இளஞ்சிறார்க்கு உரியது. முடிவில் ஆசிரியர் கூடையிலுள்ள பந்துகளை ஒவ்வொன்றாய் மேலே எறிய, மைதானம் முழுவதும் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணும். நூலிற் கட்டித் தொங்கவிட்ட இனிப்பு ரொட்டியைக் கைகளைப் பின்னே சேர்த்துக்கொண்டு வாயினாலேயே கவ்வி ஓடும் பந்தயமும் உண்டு. விரைந்து ஓடுபவன் அதில் வெல்வான் என்பதற்கு உறுதியில்லை. இருவர் கால்களைப் பிணைத்து ஓடும் ஓட்டத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து இடறி விழுதல் எல்லோருக்கும் பெரு விருந்து. நண்பகலிற் குடும்பத்தார் மைதானத்தின் ஓரத்தில் விரிப்பு விரித்து, சோற்றுருண்டையும் பொரித்த கோழியும் சுருட்டிய முட்டையும் அடுக்கிய பெட்டியைத் திறப்பர். அதற்காகத் தாய்மார் விடியுமுன் எழுந்து சமைத்தலும், நல்ல இடம் பிடிக்கத் தந்தைமார் வைகறையிலேயே வாயிலிற் காத்து நிற்றலும் வழக்கமாயிருந்தன. அண்மையில் பல பள்ளிகள் விழாவை அரைநாளாகச் சுருக்கிக்கொண்டன. கூடியுண்ணுதலும் குறைந்து வருகின்றது.

இங்கும் பழைய பயிற்சியின் நிழல் முற்றும் மறைந்துவிடவில்லை. மாணாக்கர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் அமைத்தல் இவ்விழாக்களின் உச்சியாக நெடுநாள் விளங்கியது. கோபுரம் உயர உயரப் பெற்றோர் கைதட்டினர். கீழே மண்டியிட்டவர் முதுகின்மேல் ஏறிய சுமையை எவரும் கணக்கிடவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதில் அடிபட்டனர். 2015-ம் ஆண்டில் ஒரு பள்ளியிற் பத்தடுக்குக் கோபுரம் சரிந்து விழுந்ததைப் பலரும் படமாய்க் கண்ட பின்னரே நாடு விழித்தது. பாதுகாக்க இயலாதாயின் கைவிடுக என்று அரசாங்கம் 2016-ல் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. ஒற்றுமையுணர்ச்சி குன்றிவிடுமே யென்று வருந்திய ஆசிரியரும் இருந்தனர். அவ்வொற்றுமைக்காக எலும்பு முறிந்த பிள்ளையிடம் அவர்கள் அதனைக் கேட்டிருக்கலாம்.

இத்திருநாளோடு இணைந்த மற்றொரு வழக்கம் தேக வலிமைக் கணக்கெடுப்பு. 1964-ம் ஆண்டு முதல் நாடெங்கும் மக்களின் வலிமையை அளந்து, அதன் முடிவுகளை இந்நாளையொட்டி வெளியிட்டு வருகின்றனர். 6 வயது முதல் 79 வயது வரை உள்ளோர் இதில் கலந்துகொள்வர். கைப்பிடியின் வலிமை, உட்கார்ந்து முன்வளைதல், 50 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்தினின்று தாண்டுதல் முதலியன இளையோர்க்கு உரியவை. எறிதலும் உண்டு, ஆயின் எறியப்படுவது கைக்குண்டன்று, பந்து. 1939-ம் ஆண்டுப் பட்டியலையும் இப்பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு நாம் கூறவந்த செய்தி முழுவதும் அந்த ஒரு மாற்றத்திலேயே விளங்கிவிடும். 65 வயது கடந்தோர்க்குக் கண் திறந்தபடி ஒற்றைக் காலில் நிற்றலும், ஆறு நிமிஷம் நடத்தலும் பரீட்சையாகும். 120 நொடி நின்றுவிட்டால் போதும், அதற்குமேல் அளப்பதில்லை. படைக்கு ஒருக்காலும் பயன்படாத ஒரு மூதாட்டியின் கால் தளர்ச்சியை ஓர் அரசாங்கம் அக்கறையோடு எழுதி வைத்தல் சிறிய செய்தியன்று. பிள்ளைகளின் நிலையோ அவ்வளவு மகிழ்ச்சி தருவதாயில்லை. 1985-ம் ஆண்டையொட்டிய காலத்துச் சிறுவரோடு ஒப்பிட, பின்வந்தோர் ஓட்டத்திலும் எறிதலிலும் பின்தங்கினர் என்று அக்கணக்குகள் காட்டின. விளையாட வெளியும், கூடி விளையாடத் தோழரும், ஓய்ந்த நேரமும் குறைந்தமையே காரணமென்பர்.

2000-ம் ஆண்டு முதல் இத்திருநாள் அக்டோபர் 10-ஐ விட்டு, அம்மாதத்து இரண்டாவது திங்கட்கிழமைக்கு மாற்றப்பெற்றது. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் தொடர்ந்து ஓய்வு கிடைக்குமாறு செய்தல் அதன் நோக்கம். உழைப்பாளிகளுக்கு அது நன்மையே. ஆனால் நாள் பெயர்ந்ததும் அந்நாளின் கதையும் மங்கிற்று; அக்டோபர் 10-க்கும் நீல வானுக்கும் உள்ள உறவைக் கேட்டால் விழிக்கும் இளைஞர் பெருகினர். பின்னர் 2018-ல் இயற்றிய திருத்தத்தின்படி, 2020-ம் ஆண்டு முதல் பெயரும் மாறியது. 'தாயிகு' என்னும் சொல்லை நீக்கி, 'ஸ்போர்ட்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லையே, தம் வாயில் வழங்கும் 'ஸுபோட்ஸு' என்னும் வடிவில் வைத்துக்கொண்டனர். ஜப்பானியப் பொது விடுமுறைகளுள் அந்நியச் சொல்லைப் பெயராகப் பூண்டது இஃதொன்றே. தாய்மொழிச் சொல்லிருக்கப் பிறமொழிச் சொல் எதற்கு என்று வினவுதல் எளிது. யாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆனால் 'தாயிகு' பள்ளியின் சொல். ஆசிரியர் ஏவ மாணவன் செய்வது. ஒருவன் தானே விரும்பி ஆடுதற்கு அச்சொல்லில் இடம் குறைவு. சட்டத்தின் வாசகமும் அதற்கேற்பத் திருந்தியது. விளையாட்டில் இன்புறுதல் முதலில் நின்றது. பிறரை மதிக்கும் பண்பும், நலமும் ஊக்கமும் மிக்க சமுதாயமும் அதனோடு சேர்ந்தன.

புதுப் பெயர் பூண்ட நாளுக்கு வாய்த்த தொடக்கமோ இரங்கத்தக்கது. 2020-ம் ஆண்டில் டோக்கியோவில் மீண்டும் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழவிருந்தமையால், தொடக்க விழா நாளாகிய ஜூலை 24-க்கு அவ்வாண்டு மட்டும் திருநாளை மாற்றி வைத்தனர். கொள்ளை நோய் பரவியதனால் பந்தயங்கள் ஓராண்டு தள்ளிப்போயின. விடுமுறை நாளோ சட்டத்தில் எழுதியபடி ஜூலை 24-லேயே வந்து, விழாவில்லாத விடுமுறையாய்க் கழிந்தது. 2021-ல் அதனை ஜூலை 23-க்கு மாற்றினர். அன்று பந்தயங்கள் தொடங்கின. பழைய அரங்கை நீக்கி, 1943-ம் ஆண்டு மாணாக்கர் நடந்த அதே இடத்தில் மூன்றாம் முறையாகக் கட்டிய புதிய அரங்கில், பொதுமக்கள் எவருமின்றி, வெற்று இருக்கைகள் சூழத் தீ ஏற்றப்பெற்றது. மறு ஆண்டு திருநாள் தன் பழைய மாதத்திற்குத் திரும்பியது. 2022-ம் ஆண்டில் அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, எவரும் திட்டமிடாமலே, அக்டோபர் 10-ம் நாளாக அமைந்தது.